மலையேறும் முன் இரத்தக் குழாயைத் தயார்படுத்துங்கள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குப் போகும் சாலை இரவும் பகலும் சபரிமலை வண்டிகளால் நிறைந்துவிடுகிறது. சித்திரை முழுநிலவு நாளில் எங்கள் ஊர்க்காரர்கள் லோயர் கேம்ப்பை அடுத்த பளியன்குடியில் கூடி, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் காட்டுப்பாதையில் ஏறுகிறார்கள். பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோமீட்டர். பளியன்குடியிலிருந்து கண்ணகி கோயில் 6 கிலோமீட்டருக்கு மேல். இரண்டுமே மூச்சு வாங்கவைக்கும் ஏற்றங்கள். ஏறுகிறவர்களில் பலர் ஆண்டின் மற்ற நாட்களில் கடைக் கல்லாவிலோ, ஜீப்பின் ஸ்டியரிங்குக்குப் பின்னாலோ, டி.வி. முன்னாலோ உட்கார்ந்திருப்பவர்கள்.

மாலை போட்டதும் இறைச்சியை விடுகிறோம், மதுவை விடுகிறோம், புகையை விடுகிறோம். இதயத்துக்கு இவை எல்லாமே பெரிய உதவி. ஆனால் நடையை விரதத்தில் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் கேரள சுகாதாரத் துறை இதய சிகிச்சை மையங்களை நடத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பழக்கமில்லாத உடல் திடீரென்று கடுமையாக உழைக்கும் அந்த ஒரு மணி நேரம் ஆபத்தானது.

இதற்கு ஆதாரம் உண்டு. 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மாரடைப்பு வந்தவர்களிடம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று விசாரித்தது. உடற்பயிற்சியே இல்லாதவர்களுக்கு, கடுமையாக உழைத்த அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட 100 மடங்குக்கு மேல் கூடியிருந்தது. வாரத்தில் ஐந்து முறையோ அதற்கு மேலோ உடலை வருத்தி உழைக்கிறவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டரை மடங்குதான். ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு இயல்பிலேயே மிகச் சிறியது என்பதால் இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோக வேண்டியதில்லை. ஆனால் அந்த 100க்கும் இரண்டரைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க நம்மால் முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அவற்றின் அகலம் மாறாது. இரத்தக் குழாய் அப்படிப்பட்டதன்று. அது உயிருள்ள திசு. தேவைக்கேற்ப விரியும், சுருங்கும், பழக்கத்தால் தன் அமைப்பையே மாற்றிக்கொள்ளும்.

தமனியின் உட்சுவரில் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் விரித்ததுபோல் படிந்திருக்கின்றன. நடக்கத் தொடங்கியதும் இரத்தம் வேகமாக ஓடி அந்த அடுக்கை உரசுகிறது. உரசலை உணரும் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது பக்கத்திலுள்ள தசை அடுக்கைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது. இரத்த அணுக்கள் சுவரில் ஒட்டுவதையும் அதே வாயு தடுக்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காகவே ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் இதே வாயுவின் வழியாகத்தான் வேலை செய்கிறது. நெருக்கடியில் மாத்திரை வெளியிலிருந்து செய்வதை, நடை நாள்தோறும் சிறுகச் சிறுக உள்ளிருந்து செய்கிறது.

நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவரின் குழாய்க்கு இந்த உரசல் போதுமான அளவு கிடைப்பதில்லை. சர்க்கரை, புகை, உயர் இரத்த அழுத்தம் மூன்றும் அந்த உள்ளடுக்கைத்தான் முதலில் கெடுக்கின்றன. வயதாக ஆகக் குழாய் விறைக்கிறது. விறைத்த குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. தொடர்ந்து நடப்பவர்களிடம் இந்த விறைப்பு மெதுவாகத்தான் வருகிறது.

இனி இதயம். ஓய்வில் அது நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. கடுமையான ஏற்றத்தில் ஆரோக்கியமானவரின் இதயம் 20 லிட்டர் வரை தள்ளும். அப்போது ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்குப் போய்விடும். பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பிலேயே கூடுதல் இரத்தத்தைத் தள்ளுவதால் குறைவான துடிப்புகளே போதும்.

துடிப்பு குறைவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இதயத் தசைக்கு உணவூட்டும் தமனிகளில், முக்கியமாக இடப்பக்கத் தமனியில், இரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்தில்தான் பாய்கிறது. சுருங்கும்போது இதயம் தன் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. துடிப்பு வேகமாகும்போது அந்த இடைவெளிதான் முதலில் குறுகும். அடைப்பு உள்ளவருக்கு ஏற்றத்தில் நெஞ்சு இறுகுவது இதனால்தான். அதே ஏற்றத்தில் 150 துடிக்கும் இதயத்தை 120க்குக் கொண்டுவர முடிந்தால், தன் பசியாற இதயத்துக்கு அவ்வளவு கூடுதல் நேரம் கிடைக்கிறது.

இது வெறும் ஆய்வகக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் இரட்டை அடுக்கு பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது, வந்தவர்களுக்கும் அதன் கடுமை குறைவாக இருந்தது. நேர்மையான ஆய்வாளர் அவர். ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்தார்களா என்று அறிய, பிற்பாடு அவர்களுடைய சீருடையின் இடுப்பளவையும் சரிபார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆனாலும் நடந்து தபால் கொடுத்தவர்களையும் அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களையும் ஒப்பிட்டபோது அதே போக்குதான் தெரிந்தது. கம்பத்திலிருந்து குமுளி ஏறும் பஸ்ஸில் அடுத்த முறை போகும்போது நடத்துநரின் கால்களைக் கவனியுங்கள்.

படி 1: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், தொடங்குமுன் அளவெடுங்கள்

சபரிமலைக்கு ஆவணி முதல் தேதி, கண்ணகி கோயிலுக்குத் தை மாதம். இவைதான் தொடங்கும் நாட்கள். மாலை போட்ட பிறகு கிடைக்கும் 41 நாளோ ஒரு மண்டலமோ, முன்பே நடந்து பழகியவருக்குப் போதும். புதிதாக நடக்க வருபவருக்குப் போதாது.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். நடந்து வந்த சூட்டிலேயே அழுத்தம் பார்ப்பதில் பயனில்லை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை இதய உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டவிடாதீர்கள். 140/90க்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு மெதுவான நடையைத் தொடங்கலாம். 180/110ஐத் தாண்டினால், கட்டுக்குள் வரும்வரை பயிற்சியே வேண்டாம்.

அடுத்தது நாடி. காலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழுமுன், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60 முதல் 100 வரை இயல்பு. இந்த எண்ணைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பல வாரங்கள் கழித்து அது சில துடிப்புகள் இறங்கியிருப்பதை உங்கள் விரலே சொல்லும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், நடந்தால் நெஞ்சு இறுகுபவர்கள், காரணமின்றி மயங்கி விழுந்தவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நேர்ந்தவர்கள் ஆகியோர் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே தொடங்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கும் இதையே சொல்வேன். அவர்களில் சிலருக்கு நெஞ்சுவலியே தெரியாமல் அடைப்பு இருக்கும்.

ஒரு வேண்டுகோள். விரதம் என்று பிரஷர் மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை நிறுத்தக் கூடாது, கையோடு கொண்டுவர வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறையும் பக்தர்களுக்குத் தொடர்ந்து அறிவுறுத்துகிறது.

படி 2: முதல் இரண்டு வாரம், சமதளம்

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். வயல் வரப்பு, பள்ளி மைதானம், வண்டி அதிகம் வராத கால்வாய்க் கரை எதுவானாலும் சரி. குமுளி மலைச்சாலையில் நடக்காதீர்கள். லாரியும் ஜீப்பும் வளைவில் திரும்பும் இடம் அது. இந்தப் பதினைந்து நாளில் மாறுவது வெளியே தெரியாது. உள்ளே இரத்தத்தின் நீர்ப்பகுதி சற்றுக் கூடி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாக நிரம்பத் தொடங்கியிருக்கும்.

படி 3: மூன்றாவது வாரம் முதல், பேச முடிகிற வேகம்

ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டி, ஒரே வீச்சில் 30 முதல் 40 நிமிட நடைக்கு வாருங்கள். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடிக் கணக்கு பொருந்தாது. இந்தப் பேச்சுக் கணக்குதான் சரியாக வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்றால் கீழ் எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். நடந்த தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் தன்மை ஓரிரு நாட்கள்தான் நீடிக்கிறது. நடைக்குப் பின் இறங்கும் இரத்த அழுத்தமும் சில மணி நேரத்துக்குத்தான். அடுத்த நடைதான் அதைப் புதுப்பிக்கிறது.

முடிக்கும்போது சட்டென்று நிற்காதீர்கள். காலில் விரிந்திருக்கும் குழாய்களில் இரத்தம் தேங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள்.

கெண்டைக்கால் சதையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நின்றபடியே ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். கையில் திரண்டு இறுகும். அந்த இறுக்கத்தில்தான் காலின் சிரைகளில் நிற்கும் இரத்தம் பிழியப்பட்டு மேலே இதயத்துக்குப் போகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடுவதில்லை.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் பெண்கள், "நாள் முழுக்க வேலைதானே, தனியாக நடை எதற்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுமை தூக்கி மேடு ஏறும் வேலை நிச்சயம் கணக்கில் சேரும். ஆனால் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, செடியடியில் மணிக்கணக்காகக் குந்திக் காய் எடுத்து, மறுபடியும் ஜீப்பில் கால் மடக்கித் திரும்பும் நாளில், அந்தச் சதைக்குத் தொடர்ந்து வேலை கிடைப்பதில்லை. மாலையில் கால் வீங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களுக்கு இன்னொரு மணி நேர நடையைச் சுமத்த எனக்கு மனமில்லை. ஜீப்பில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதும், மதிய இடைவேளையில் பத்து நிமிடம் நடப்பதும், விடுமுறை நாளில் அரை மணி நடப்பதும் போதும். தோட்ட வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட மூத்தவர்கள்தான் அவசியம் தொடங்க வேண்டும். பழைய உழைப்பின் பலன் குழாய்களில் சேமிப்பாக இருக்காது.

படி 4: ஐந்தாவது வாரம் முதல், சுவரும் குதிகாலும்

வாரத்தில் மூன்று நாள் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். முதுகு முழுவதும் சுவரில் பதிய, கால்களை முன்னே தள்ளி, நாற்காலியில் இருப்பதுபோல இறங்கி அப்படியே நில்லுங்கள். முதலில் 20 விநாடி. பழகப் பழக இரண்டு நிமிடம் வரை, இடையிடையே இரண்டு நிமிட ஓய்வோடு நான்கு முறை. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த ஓர் அலசலில், இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் மற்ற பயிற்சிகளைவிட இத்தகைய அசையாப் பயிற்சிகளே முன்னணியில் இருந்தன. தொடை இறுகும்போது அந்தக் குழாய்கள் நெரிபடுகின்றன, விட்டதும் இரத்தம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் உட்சுவரைத் தூண்டுகிறது என்பது விளக்கம். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தால் மூச்சு தானாக ஓடும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதிகம் இறங்க வேண்டாம்.

குதிகால் தூக்குவதை 15 முறை, இரண்டு சுற்று. முடிந்தது.

இடையில் ஒரு முக்கியமான செய்தி: நடந்தால் வலிக்கும் கால்

பீடி, சிகரெட் பழகியவர்களும் நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுப்போய், மறுபடி அதே தூரத்தில் பிடித்தால், அதை வாயு என்று சொல்லித் தைலம் தேய்க்காதீர்கள். காலின் தமனியில் அடைப்பு இருக்கலாம். காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் இருக்கும் வாய்ப்பு அதிகம். மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பாதத்தில் ஆறாத புண்ணோ, படுத்திருக்கும்போதே வலியோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இந்த நோய்க்கு நடையே சிகிச்சைகளில் ஒன்று. மருத்துவர் அனுமதித்த பின், வலி நன்றாகத் தெரியும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடந்து, இப்படியே 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று முறை, குறைந்தது 12 வாரம். வலியில்லாமல் நடக்கும் தூரம் படிப்படியாகக் கூடும். புகையை விடாமல் இதைச் செய்தால் முழுப் பலன் கிடைக்காது.

படி 5: எட்டாவது வாரம் முதல், ஏற்றம்

வாரம் இரண்டு நாள் சமதளத்துக்குப் பதிலாக மேடோ படிக்கட்டோ ஏறுங்கள். இரண்டு நிமிடம் ஏற்றம், மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து முறை. அடுத்தடுத்த வாரங்களில் ஏறும் நேரத்தைக் கூட்டுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் இருமுடியின் கனத்துக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். இறக்கத்தையும் பழகுங்கள். தொடையும் முழங்காலும் இறங்கும்போதுதான் அதிகம் அடிபடுகின்றன.

ஐம்பது வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு டல்லஸ் நகரில் நடந்த சோதனையைச் சொல்ல விரும்புகிறேன். 1966இல் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களுடைய உழைப்புத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் 30 ஆண்டு வயது செய்த சேதத்தைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். இருபது வயதில், படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கே அவர்கள் திரும்பி வந்தார்கள்.

படி 6: ஏறும் நாள்

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஏறாதீர்கள். செரிக்க இரத்தம் வயிற்றுக்கும் வேண்டும், ஏறக் காலுக்கும் வேண்டும். அதற்காக வெறும் வயிறும் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருங்கள். வியர்த்து, கை நடுங்கி, பார்வை மங்கினால் உடனே வாயில் போட வேண்டும். தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சித்திரை வெயிலில் இது மிக அவசியம்.

முதல் கால் மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். இளைஞர் கூட்டம் முந்திப் போகட்டும். பேச்சுக் கணக்கு இங்கும் அதேதான்: சரணம் சொல்லிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். சரணம் நடுவில் அறுந்தால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், என்றும் இல்லாத மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமல் வெறும் களைப்பும் திணறலுமாகவே வரலாம். "வாயுப் பிடிப்பு, சோடா குடித்தால் போய்விடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மலையில் அருகிலுள்ள மருத்துவ மையத்துக்கு ஆள் அனுப்புங்கள். சாலையில் என்றால் 108. எல்லையின் இருபுறமும் அதே எண்தான். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். நேராகத் தேனிக்கோ மதுரைக்கோ காரை விரட்டுமுன் அங்கே போங்கள். நோயாளியை வண்டி ஓட்டவிடாதீர்கள்.

திரும்பி வந்த பின்

மாலையைக் கழற்றியதும் பலர் நடையையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் சேர்ந்த பலன் நிறுத்திய சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். காலை நாடி மெல்ல மேலேறுவதைக் காலண்டரிலேயே பார்க்கலாம். மலையிலிருந்து வந்த மறுநாள் கால் வலித்தாலும் சமதளத்தில் இருபது நிமிடம் மெதுவாக நடங்கள், வலி சற்றுத் தணியும். அடுத்த வாரம் படி 3இன் அரை மணிக்குத் திரும்பி, வாரம் ஐந்து நாள் என்ற அளவில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தையில் கண்ணகி கோயிலுக்கான பயிற்சி தொடங்கும்போது, நீங்கள் படி 1இலிருந்து வர வேண்டியிருக்காது. சுவர்ப் பயிற்சியோடு படி 4இலேயே தொடங்கலாம்.